திமிங்கிலத்தின் கணுக்கால்

"பரிணாமத்துக்கு ஆதாரம் உண்டா? பாதி இது, பாதி அது என்று ஒரு விலங்கைக் காட்டுங்கள்" என்று யாராவது கேட்டால், திமிங்கிலத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். கையில் அடங்கும் இரண்டு எலும்புகளே போதும்.

ஒன்று காதில் இருக்கிறது. நடுக்காதை மூடும் எலும்பின் உள்விளிம்பு திமிங்கில இனத்தில் தடித்துக் கெட்டிப்பட்டிருக்கும். பாகிஸ்தானில் கிடைத்து 1981-இல் பெயரிடப்பட்ட பாக்கிசீட்டஸ் என்ற விலங்கின் மண்டையோட்டில் அதே தடிப்பு இருந்தது. வயது சுமார் 5 கோடி ஆண்டு. பிறகு உடலெலும்புகளும் கிடைத்தபோது தெரிந்தது, அது நாலு காலில் நடந்த ஓநாய் அளவு விலங்கு.

மற்றது கணுக்காலில். பல்லை வைத்து, மெசோனிக்கிட் என்ற அழிந்துபோன ஊனுண்ணிகளே திமிங்கிலத்தின் மூதாதை என்று வெகுகாலம் நம்பினார்கள். டிஎன்ஏவோ நீர்யானையைக் காட்டியது. 2001-இல் இரண்டு குழுக்கள் பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பை வெளியிட்டன. மேலும் கீழும் இரு முனையிலும் கிணற்று ராட்டினம் போன்ற பள்ளம்! ஆடு, மாடு, பன்றி, ஒட்டகம், நீர்யானை அடங்கிய இரட்டைக் குளம்பு வகைக்கே உரிய அமைப்பு அது. பல் ஏமாற்றியதற்குக் காரணம் இருக்கிறது: ஒரேமாதிரி இரை தின்றால், உறவே இல்லாத விலங்குகளுக்கும் பல் ஒரேமாதிரி அமைந்துவிடும். எலும்பு கிடைத்ததும் பழைய கருத்தைக் கைவிட்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜம்மு-காஷ்மீரில் நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பாறைகளில் இருந்த இந்தோஹையஸ் என்ற சிறிய இரட்டைக் குளம்பு விலங்கும் இந்த உறவைக் காட்டுகிறது. அவர் மறைவுக்குப் பின் ஆய்வகத்தில் சுத்தம் செய்கையில் ஒரு மண்டையோடு உடைந்தது. உள்ளே அந்தக் காதுத் தடிப்பு. 2007-இல் வெளியானது. ஆனால் அதன் வயது சுமார் 4.8 கோடி ஆண்டு, பாக்கிசீட்டஸைவிட இளையது. ஆகவே அது திமிங்கிலத்தின் பாட்டன் ஆக முடியாது, பங்காளிதான். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி அம்புக்குறி போடும் படங்களைத் தயவுசெய்து பகிராதீர்கள். எதிராளி முதலில் பிடிப்பது அந்த அம்பைத்தான்.

எகிப்தின் வாடி அல் ஹிதான் பாலைவனத்தில் கிடைத்த பாசிலோசாரஸ் என்ற பழைய திமிங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் 15 மீட்டருக்கும் மேல். பின்னங்காலோ முழங்காலும் விரல்களும் இருந்தும் உடலைத் தாங்க முடியாத அளவுக்குச் சின்னது. அந்தக் காலைக் கண்டதை 1990-இல் அறிவித்தார்கள்.

வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேட்பார்கள். படிவுப்பாறையை நேரடியாக அளப்பது கடினம். மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தால் அதிலுள்ள சிர்கான் என்ற கனிமப் படிகத்தின் வயதை அளப்பார்கள். இல்லையென்றால் அதே அடுக்கின் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களை வைத்து ஒப்பிடுவார்கள். அதனால்தான் எந்த அடுக்கு என்று குறிக்காமல் பெயர்த்தெடுத்த எலும்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வாதத்தில் அநேகமாக உதவாது.