எதிர் வீட்டு வாடகையையும் நான்தான் கட்டுகிறேன்

மும்பையில் வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு ஆண்டு என்பது பதினொரு மாதம்தான். ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்னும் பதினொரு மாத வாடகைப் பத்திரம் முடியும் தறுவாயில் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார், அல்லது மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புவதாகச் சொல்வார். புரோக்கர் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பார். புதிய சொசைட்டியின், அதாவது குடியிருப்புச் சங்கத்தின், செயலாளர் வீட்டில் மீன் சமைப்பீர்களா என்று குறுக்கு விசாரணை நடத்துவார். பத்திரப் பதிவு, போலீஸ் சரிபார்ப்பு, கேஸ் இணைப்பு மாற்றம் என எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கும் எனக்கு இது பழகிப்போன தலைவலி. என் வயிற்றெரிச்சல் வேறு.

மாட்டுங்காவில் இப்போது நான் இருக்கும் கட்டடத்தில் எதிர் வீடு பூட்டியே கிடக்கிறது. பூட்டில் துரு ஏறியிருக்கிறது. கதவிடுக்கில் செருகிய மின்கட்டண ரசீதுகள் மஞ்சளாகிவிட்டன. அது பக்டி வீடு, அதாவது தொடக்கத்தில் ஒரு தொகை கொடுத்துவிட்டுச் சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளும் வீடு. குடித்தனக்காரர் தாணேயில் சொந்த வீட்டில் வசதியாக வாழ்கிறார். இதற்கு அவர் மாதம் தருவது, கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டு எழுந்தால் ஆகும் பணம். காலி செய்தால் உரிமை போய்விடும் என்பதால், தீபாவளிக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார். கட்டட உரிமையாளரோ வயதான கைம்பெண். மழைக்காலத்தில் மாடிப்படிச் சுவரெல்லாம் ஊறிக் காரை பெயர்ந்து விழும்போது, வசூலாகும் வாடகையில் சிமென்ட் மூட்டைகூட வாங்க முடியாது என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆகவே தம் கைவசம் மிஞ்சிய ஒரே வீட்டை எனக்கு விட்டு, மற்ற பக்டி குடித்தனக்காரர்களிடம் வாங்க முடியாததையெல்லாம் என்னிடம் வாங்கிக்கொள்கிறார்.

இதைச் செய்தது சந்தையல்ல, சட்டம். 1947-இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாள் இருந்த வாடகையை ‘நியாய வாடகை’ என்று உறைய வைத்தது. போரும் பிரிவினையும் வீட்டுப் பஞ்சத்தை உண்டாக்கிய காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்ததை அரை நூற்றாண்டு நீட்டித்ததற்கு என்ன காரணம்? அந்த உறைவு நியாயமற்றது என்று 1997-இல் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகுதான் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதுவும் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கு மட்டுமே வழிவிட்டது. நூறு ரூபாய்க்கு நான்கு சதவீதம் நான்கு ரூபாய் என்று கணக்குப் போட முனைவர் பட்டம் வேண்டியதில்லை. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பக் கிடைக்காது என்ற அச்சமும் தலைமுறைகளைத் தாண்டி ஒட்டிக்கொண்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்நகரில் ஏறத்தாழ 4.8 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. அதே நகரில்தான் அப்போது பத்தில் நான்கு பேர் குடிசையில் ஒண்டினார்கள்.

இதை வாய்விட்டுச் சொன்னால் போதும், “கிருத்திகை தவறாமல் செம்பூர் முருகன் கோயிலில் நிற்கிறீர்களே சார், ஏழை வயிற்றில் அடிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். எந்த ஏழை? தாணேக்காரரா? தருமம் என்பது நான் என் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பது. அடுத்தவர் மடியை அவிழ்த்து, அதையும் வசதி படைத்தவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ள என் முருகன் எங்கும் சொல்லித் தரவில்லை. வாடகை கட்ட இயலாதவருக்கு அரசு பொதுப் பணத்திலிருந்து உதவட்டும். அதற்கு நானும் மனமொப்பி வரி கட்டுகிறேன். ஒரு கைம்பெண்ணின் கூரையிலிருந்து அந்த உதவியை ஏன் பிடுங்க வேண்டும்? சந்தையை ஆதரிப்பவன் நாத்திகனாகவோ பணக்காரனின் கையாளாகவோதான் இருக்க வேண்டும் என்பது யார் வகுத்த விதி? பக்தியில் ஊறிய ராஜாஜிதான், தொட்டதற்கெல்லாம் அரசு அனுமதி கேட்கும் முறையை ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்’ என்று சாடி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். இதே மும்பையின் அரசியல் தலைவர் மினூ மசானி அவருடன் நின்றார். 1967-இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்றது என்று சொன்னால் என் மாணவர்கள் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

இன்று அப்படியொரு கட்சியை நேர்மையாகத் தொடங்கவும் முடியாது. 1989 முதல், தேர்தல் ஆணையத்தில் பதிவாக விரும்பும் கட்சி சோஷலிசத்தின்பால் பற்றுறுதி கூறியாக வேண்டும்! ஆக, இருக்கிற கட்சிகள்தான் கதி. தேர்தல் வந்ததும் எல்லா நிறக் கொடிக்காரர்களும் எங்கள் படியேறி வந்து, பக்டி குடித்தனக்காரரின் உரிமையில் ஒரு துளியும் குறைய விடமாட்டோம் என்று கைகூப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பூட்டிய வீட்டுக்காரருக்கு இந்த வார்டில் வாக்கு இருக்கிறது. என் பெயர் இன்னும் செம்பூர்ப் பட்டியலிலேயே கிடக்கிறது. மாற்றுவதற்கு மனுக் கொடுத்து அது முடிவதற்குள் பத்திரம் முடிந்துவிடும்.