அந்த 36 சதவீதம் எதைப் பற்றியது?
"ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பொய் என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று உங்கள் பதிவின் முதல் வரியில் எழுதி, இயற்பியலையும் தடுப்பூசியையும் அதில் சேர்த்திருக்கிறீர்கள். அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை சார். நீங்கள் சொல்வது 2015-இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை. மூன்று உளவியல் இதழ்களிலிருந்து 100 ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள், சுமார் 36 சதவீதம்தான் புள்ளியியல்படி மறுபடி தேறியது. இயற்பியலுக்கும் தடுப்பூசிக்கும் இதை எப்படி நீட்டினீர்கள் என்று தெரியவில்லை. தேறாததெல்லாம் பொய்யும் கிடையாது, மறுசோதனையே கோட்டைவிட்டிருக்கலாம், அல்லது விளைவு முதலில் சொன்னதைவிடச் சின்னதாக இருக்கலாம்.

சரி, சாதகமான முடிவுகளை மட்டும் வெளியிடும் சார்பே ஆய்வுகளில் இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளையே பாருங்கள்: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 சோதனைகளை 2008-இல் ஒன்று விடாமல் துருவிப் பார்த்தார்கள், மருந்துக்குச் சாதகமான 38-இல் 37 அச்சேறியிருந்தது, மற்ற 36-இல் 22 வெளியே வரவே இல்லை, 11 என்னவோ சாதகமானது மாதிரி எழுதப்பட்டிருந்தது. கோபப்பட வேண்டிய விஷயம் இதுதான். இதைக் கண்டுபிடித்ததும் ஆய்வாளர்கள்தான், அந்தப் பதிவேடு இருந்ததால் முடிந்தது.

அந்த முதல் வரியை மட்டும் திருத்திவிடுங்கள், பலர் அப்படியே பகிர ஆரம்பித்துவிட்டார்கள்.