வீட்டையே தூக்கினா ஒரு வருஷம்தான்

வீட்டுக்குள்ள புகுந்து பீரோவுல இருக்கிற நகையைத் திருடினா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். வீட்டையே தூக்கினா? அத்துமீறி நுழைஞ்சதுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம், இல்லன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். பூட்டை உடைச்சிருந்தா ரெண்டு வருஷம் வரை போகும். 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட கணக்கு இது. பெங்களூருல அந்த 5,000-க்கு ஒண்டுக்குடித்தனம்கூடக் கிடைக்காது.

சித்தப்பா போனப்புறம் எங்க சித்தி ஓசூர்ல மகனோட இருக்காங்க. பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் இருக்கிற வீட்டை வாடகைக்கு விடலாம்னு வந்து பார்த்தா கேட்ல புதுப் பூட்டு, மாடியில யாரோட துணியோ காயுது. வாசல்ல சித்தி வெச்ச கறிவேப்பிலை மரத்தை வெட்டிட்டு பைக் நிறுத்தியிருக்காங்க. உள்ள இருந்தவன் கிரயப் பத்திரத்தையே காட்டுறான். ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பார்த்தா நிஜமாவே ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, சித்தப்பா கையெழுத்தோட. தேதிதான் இடிக்குது, அவர் காரியம் முடிஞ்சு மாசக்கணக்குக்கு அப்புறம்!

ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சிவில் மேட்டரம்மா, கோர்ட்டிகெ ஹோகி." அதாவது, கோர்ட்டுக்குப் போங்கன்னு.

செத்தவர் வந்து கையெழுத்துப் போட்டது எப்படிங்க சிவில்? சொத்துப் பத்திரத்தைப் போலியா தயாரிச்சா பத்து வருஷம், ஆயுள் தண்டனை வரைக்கும் அதே சட்டத்துல இடம் இருக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டாத்தானே அந்தப் பிரிவு வரும்?

சிவில் வழியும் லேசில்ல. நம்மள வெளியேத்தின ஆறு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டா, சொத்து நம்மளுதுன்னு நிரூபிக்காமலே வீட்டைத் திரும்ப நம்ம கைக்குக் கேட்கலாம், 1963 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தோட (Specific Relief Act) 6-ம் பிரிவு. பூட்டின வீடு பறிபோன சேதி காதுக்கு வர்றதுக்குள்ள அந்த ஆறு மாசம் ஓடிடுது.

கர்நாடகாவுலயும் நில அபகரிப்புத் தடைச் சட்டம், 2011-னு ஒண்ணு இருக்கு, தனிக் கோர்ட்டும் இருக்கு. ஆனா அது அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் மாதிரி பொதுச் சொத்துக்கு மட்டும். குஜராத்தோட 2020 சட்டம் தனியார் சொத்துக்கும் பொருந்தும், குறைஞ்சது பத்து வருஷம்.

அதை அப்படியே இங்க கொண்டு வரணும்னு நான் சொல்லல. வாடகை பாக்கி வெச்சவனையும் 'அபகரிப்பாளன்'னு உள்ள தள்ளப் பார்க்கிற ஓனருங்க இந்த ஊர்ல நிறைய. வாடகைக்காரன் சமாச்சாரம் வேற, அது சிவிலாவே இருக்கட்டும். போலிப் பத்திரத்தோட புகுந்தவனுக்கும், அதைத் தயாரிச்சுக் கொடுத்த புரோக்கருக்கும்தான் தண்டனை ஏறணும். இறப்புச் சான்றிதழையும் பத்திரத் தேதியையும் பக்கத்துல வெச்சு நீட்டினா அன்னிக்கே எஃப்.ஐ.ஆர். போடணும்.