ரமணிசந்திரன் படித்தால் என்ன சிரிப்பு?

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிடித்த எழுத்தாளர் யார் என்று மேடையில் இருந்த ஒரு பெரிய எழுத்தாளர் கேட்க, ஒரு கல்லூரிப் பெண் காதல் நாவல்கள் எழுதுகிற ரமணிசந்திரன் பெயரைச் சொன்னாள்; அதற்கு அவர் சொன்ன பதிலில் அரங்கமே சிரித்தது. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் ஆயிற்று. ஆனால் நேற்று இரவு ஒரு நண்பர் விளக்கம் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த எழுத்தாளர் அந்தப் பெண்ணைக் கிண்டல் செய்யவே இல்லையாம். "ரமணிசந்திரன் ஒரு படிக்கட்டும்மா, சீக்கிரம் ஏறி மேலே வந்துடுவே" என்று அன்பாகத்தான் சொன்னாராம்.

அன்பாக! அந்த அன்பைக் கேட்டு அரங்கமே ஏன் சிரித்தது? பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டது நீங்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் நீங்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை உண்மையைச் சொன்னாள். கொஞ்சம் விவரமான பெண்ணாக இருந்திருந்தால் தி. ஜானகிராமன் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முதலில் பிடித்துப்போன எழுத்தாளர் படிக்கட்டு இல்லை. மேலே வந்ததும் திரும்பிப் பார்க்க வேண்டாத ஆளும் இல்லை. ஒரு கதைக்காக ராத்திரி விளக்கை அணைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பழக்கத்தை நமக்குக் கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு யாரைப் படித்தாலும் அந்தப் பழக்கத்தோடுதான் படிக்கிறோம்.

மன்னார்குடியில் என் பெரியம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவருக்கு லட்சுமி என்றால் உயிர். டாக்டர் திரிபுரசுந்தரிதான் லட்சுமி. மருத்துவப் படிப்புக்குப் பணம் வேண்டி விகடனில் கதை எழுத ஆரம்பித்தவர், பிறகு பல வருடம் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர், 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். பெரியம்மாவுக்கு இந்த விவரத்தில் பாதிகூடத் தெரியாது. "ஒரு டாக்டரு எழுதறா" என்று மட்டும் பெருமையாகச் சொல்வார்.

தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து அவரே பைண்டு செய்வார். கோணி ஊசி, சணல் நூல், மைதா பசை, மேலே பழைய காலண்டர் அட்டை. கதாநாயகி கண்ணீர் விடுகிற பக்கத்தைத் திருப்பினால் பின்னால் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். அதில் ஒரு பைண்டுக்கு முதல் பக்கமே கிடையாது, கதை யார் எழுதியது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நடுவில் ஒரு அத்தியாயமும் இல்லை. அந்த வார இதழ் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. மருமகள் மாமியாரிடம் நேருக்கு நேர் பேசுகிற அத்தியாயம் அது. அதைப் பெரியம்மா வாயால் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. வீட்டில் சண்டை நடந்த நாளில் அந்த மருமகள் கூடுதலாக நாலு கேள்வி கேட்பாள். பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் சட்டென்று அடங்கிவிடுவாள். நிஜத்தில் அந்த அத்தியாயத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இந்தப் பெரியம்மா எந்தப் படிக்கட்டில் நின்றார் என்று யாராவது சொல்லுங்களேன். அவர் மேலே ஏறவே இல்லை. லட்சுமி, அனுராதா ரமணன், கடைசிக் காலத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரமணிசந்திரன். அத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படியானால் அவர் படித்ததெல்லாம் படிப்பில்லையா?

"உணர்ச்சிவசப்படாதீங்க, தரம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று இந்நேரம் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். இருக்கிறது சார். தரம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அசோகமித்திரனையும் ரமணிசந்திரனையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்கிறேனா? எனக்கு அசோகமித்திரனைப் பிடிக்கும். 'தண்ணீர்' நாவலை நான் படித்த அளவுக்கு நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று கொஞ்சம் திமிராகவே சொல்வேன். சினிமாவில் கதாநாயகி ஆக்குகிறேன் என்று பாஸ்கர் ராவ் ஜமுனாவை இழுத்தடிக்கிறான். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிறது. அவளை மீட்க ஒருத்தனும் வரமாட்டான். முதல் தடவை படித்தபோது பக்கத்துக்குப் பக்கம் யாராவது வருவான் என்று காத்திருந்தேன். ஏனென்றால் நான் படித்து வளர்ந்த கதைகளில் வருவான். உயரமாக, கோபக்காரனாக, காரில் வருவான், ஒரு தவறான புரிதல் இருக்கும், கடைசி இரண்டு பக்கத்தில் சரியாகிவிடும். 'தண்ணீர்' அதைத் தர மறுக்கிறது. அந்த மறுப்பு எனக்கு வலித்தது. காப்பாற்றப்பட்ட நூறு கதாநாயகிகளைப் படித்தவளுக்குத்தான் ஜமுனா அப்படி வலிப்பாள். நேரடியாக அசோகமித்திரனிடம் போய் உட்கார்ந்த அறிவாளிகளுக்கு அது "நுட்பமான யதார்த்தவாதம்". நல்லது, வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆட்சேபம் பெண்களிடமிருந்தே வரும். அந்த நாவல்களில் ஆண் அதட்டுவான், பெண் அடங்கிப்போவாள், எல்லாம் கல்யாணத்தில் போய் முடியும், படு பிற்போக்கு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே அளவுகோலை மற்ற இடத்தில் ஏன் எடுப்பதில்லை? சரித்திர நாவல்கள் எழுதிய சாண்டில்யனை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடல் புறா'வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் வந்து நின்றாலே கதை நின்றுபோகும், வர்ணனை பக்கம் பக்கமாக ஓடும். இன்றைக்கு அறுபது வயதாகிற ஆண் எழுத்தாளர் மேடையில் ஏறி "நாங்கள்லாம் குமுதத்தில் சாண்டில்யன் படிச்சு வளர்ந்தவங்க" என்று சொன்னால் அரங்கம் சிரிக்கும்தான், ஆனால் அது வேறு சிரிப்பு. தோளில் கை போடுகிற சிரிப்பு. சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வசந்த் அடிக்கிற ஜோக்குகளுக்கும் அதே செல்லம். சுஜாதாவை எனக்கும் பிடிக்கும், அவர் 'நகரம்' கதையில் வருகிற வள்ளியம்மாளை என்னால் மறக்க முடியாது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ரங்கராஜன் என்கிற ஆண் சுஜாதா என்று மனைவியின் பெயரில் எழுதினால் வாத்தியார். பெண்களே பெண்களுக்கு எழுதினால் மூட்டைப்பூச்சி மாதிரி நசுக்கிவிட வேண்டியது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல் எழுதினார், 1925லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்து நடத்தினார். நம் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் பெண்ணிய எழுத்தாளர் அம்பை. மேடையில் அந்தப் பெண்ணிடம் "அம்பையைப் படிம்மா" என்று சொன்னாரே, நல்ல யோசனை, நானும் சொல்வேன். ஆனால் அம்பை என்கிற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். 'துப்பறியும் சாம்பு' எழுதிய தேவன், விகடனின் தேவன், 'பார்வதியின் சங்கல்பம்' என்று ஒரு கதை எழுதினார். கணவன் மதிக்காத மனைவி ஒருத்தி அதில் அம்பை என்ற புனைபெயரில் எழுத ஆரம்பிப்பாள். சி. எஸ். லக்ஷ்மி எடுத்துக்கொண்ட பெயர் அதுதான். வெகுஜனப் பத்திரிகைக் கதையிலிருந்து வந்த பெயர். அதை அவர் மறைத்ததும் இல்லை.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று கணவர் கேட்டார். அந்தப் பெண் எனக்கு யாருமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு கடையில் மொழிபெயர்ப்பு நாவல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்தவர் பவ்யமாக வந்து "மேடம், கோலம், சமையல் எல்லாம் அந்த ஓரம்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வாங்குவதற்கு எடுத்து வைத்த புத்தகங்களை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மெலிதாக, மரியாதையாக, அன்பாகச் சிரிப்பார்கள். பதிலுக்குக் கத்தவும் முடியாது. கத்தினால் "பாருங்க, சீரியல் பாக்கறவங்க" என்பார்கள்.

"அவர் பெரிய எழுத்தாளர், ஒரு வார்த்தைக்காக இப்படியா" என்பவர்களுக்கு: அவர் புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன, காசு கொடுத்து வாங்கியவை. அவருக்கு முன்னுரை எழுதியவர்களைவிட நான் கவனமாகப் படித்திருக்கிறேன். என்னை மாதிரிப் பெண்கள்தான் இந்தக் கூட்டங்களில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறோம், டீ குடித்துவிட்டுப் புத்தகமும் வாங்குகிறோம். வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மேடைக்கு மேடை புலம்பவும் வேண்டும், வந்த வாசகியைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும் என்றால் எப்படி?

கமெண்டில் வகுப்பெடுக்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். லட்சுமியோ ரமணிசந்திரனோ, ஒரு நாவலை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள், உட்கார்ந்து சண்டை போடலாம். "நான் பெண் எழுத்தாளர்களை நிறையப் படிப்பவன்" என்று ஆரம்பித்து அம்பை பெயரை மட்டும் எழுதினால் பதில் போட மாட்டேன்.