செம்மஞ்சள் வட்டம் என்றால் ஒரு போத்தல் முழுவதும் கொடுக்கலாமா?

"சிவப்பு வட்டம் மட்டும்தான் கூடாது, செம்மஞ்சள் இருந்தால் பிள்ளைக்குப் போத்தலோடு கொடுக்கலாம்" என்று இனிப்புப் பானங்கள் பற்றி ஒரு வட்ஸ்அப் செய்தி ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு.

இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களில் சீனி அளவைக் காட்டும் இந்த நிற வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. நிறம் காட்டுவது 100 மில்லிலீற்றரின் அளவை, போத்தலின் அளவை அல்ல. பிழை இங்கேதான் நடக்கிறது.

வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 10 கிராம் என்றால் நிறம் செம்மஞ்சள்தான். ஆனால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி, அதாவது சுமார் எட்டுத் தேக்கரண்டி. நாளுக்கு 1500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு, சீனிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும், மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்ற உச்ச வரம்பு ஏறத்தாழ 37 கிராம். ஒரே போத்தலில் அது தாண்டிவிடுகிறது. காலையில் குடித்த சீனி போட்ட தேநீர் இந்தக் கணக்கில் இல்லை.

பச்சையையும் முழுதாக நம்பவேண்டாம். சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பானமும் பச்சை பெறலாம். சேர்பொருள் பட்டியலை வாசியுங்கள்.

பிஸ்கட் போன்ற திண்ம உணவுக்கு வரம்பு வேறு: 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. சூன்பான் வண்டியில் வாங்கும் சீனி பனிஸில் வட்டமே கிடையாது. வட்டம் இல்லை என்பதால் அதில் சீனி குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.