சிட்டி வேறு, கவுன்ட்டி வேறு

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, இந்த வருடம்தான் வீடு வாங்கிய ஒரு தங்கை வந்து கேட்டாள். "அக்கா, சிட்டியிலிருந்து ஏதோ பில் வந்திருக்கு. அதெல்லாம் பேங்க்தானே கட்டும்?" கவரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "சான்டா கிளாரா கவுன்ட்டின்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்று இல்லை. இங்கே கலிஃபோர்னியாவில் சிட்டி என்பது நம் ஊர் நகராட்சி மாதிரி, கவுன்ட்டி என்பது பல நகரங்களைச் சேர்த்த மாவட்டம் மாதிரி. இரண்டையும் ஒன்று என்று நினைத்ததற்காக நாங்கள் அபராதம் கட்டியவர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊரில் இருந்தவரை எந்தச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., எதற்குத் தாசில்தார், பத்திரத்துக்கு எந்த சார்பதிவாளர் ஆபீஸ் என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தியதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் திண்ணையில் பேசியதைக் கேட்டே தெரிந்துகொண்டோம். இங்கே அந்தத் திண்ணை இல்லை. எச்1பி, ஐ-140, பிரயாரிட்டி டேட் என்று விசா, கிரீன் கார்டு விஷயமெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறோம், வாஷிங்டனில் யார் என்ன பேசினார் என்பது சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, ஆனால் நம் பிள்ளை பிறந்தது, நம் கல்யாணம், நம் வீட்டுப் பத்திரம், நம் வீட்டில் ஒரு சாவு, இது எல்லாம் பதிவாகிற இடம் கவுன்ட்டி என்பது பத்துப் பதினைந்து வருடம் இங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எங்கள் கவுன்ட்டிக்குள் 15 நகரங்கள் இருக்கின்றன. நான் இருக்கும் சன்னிவேலில் குப்பை, தண்ணீர், வீட்டை இடித்துக் கட்ட அனுமதி எல்லாம் சிட்டி. சொத்து மதிப்பு, சொத்து வரி, பத்திரப் பதிவு, கல்யாண லைசென்ஸ், தேர்தல், பொது மருத்துவமனை, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடி-கால் மருத்துவக் காப்பீடு, கால்ஃபிரெஷ் உணவு உதவி இவை கவுன்ட்டி. டிரைவிங் லைசென்ஸ் மாநிலம். இதோடு முடிந்தால் பரவாயில்லை, குப்பர்டினோவுக்கென்று தனிப் போலீஸ் கிடையாது, அங்கே ரோந்து வருவது கவுன்ட்டியின் ஷெரிஃப். குப்பர்டினோ, மில்பிடாஸ் நூலகங்கள் கவுன்ட்டி நூலகத்தைச் சேர்ந்தவை, சன்னிவேலுக்கும் சான் ஹோசேக்கும் சொந்த நூலகம். லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வே எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, ஆனால் அதில் பள்ளம் விழுந்தால் சிட்டிக்கு போன் செய்து பிரயோஜனம் இல்லை, அது கவுன்ட்டி ரோடு. போன் செய்யும் முன் இது யார் கையில் என்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லையா, உணவு, வாடகை, முதியோர் உதவி மாதிரி விஷயங்களுக்கு 211 என்ற எண்ணை அழுத்துங்கள்.

சரி, அந்த பில்லுக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த பிரபோசிஷன் 13 என்ற சட்டப்படி, வீட்டுக்கு நாம் கொடுத்த விலைதான் வரிக்கு அடிப்படை. அடிப்படை வரி அதில் 1 சதவீதம், மேலே உள்ளூர் பாண்டுகள், அதாவது பள்ளி மாதிரி உள்ளூர் வேலைகளுக்கு வாங்கிய கடனுக்கான பங்கு. அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதனால் 1980களில் வாங்கியவர் கட்டும் வரி மிகக் குறைவாக இருக்கும். அவரிடமிருந்து நாம் வாங்கியதும் மதிப்பு ஒரே நாளில் நம் விலைக்கு ஏறிவிடும். பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, ஜூன் 30இல் முடியும் அந்த வரி வருடத்தில் மீதி இருக்கும் மாதங்களுக்குக் கணக்குப் போட்டுத் தனியாக ஒரு பில் வரும். அதுதான் சப்ளிமென்டல் பில். ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் வாங்கினால் இரண்டு வரும்.

நாங்கள் வாங்கியது பிப்ரவரியில். கடனோடு சேர்த்து வரிக்கும் மாதாமாதம் பேங்குக்குக் கட்டிக்கொண்டிருந்தோம், அதனால் கவுன்ட்டியிலிருந்து எது வந்தாலும் பேங்க் பார்த்துக்கொள்ளும் என்று என் கணவர் சொன்னார், நானும் நம்பினேன். கவரை டிராயரில் போட்டேன், அதன்மேல் பீட்சா கடை கூப்பன், பல் டாக்டர் கடிதம் எல்லாம் ஏறின. வழக்கமான பில்லைத்தான் பேங்க் கட்டும், சப்ளிமென்டல் பில் பெரும்பாலும் அவர்கள் கணக்கிலேயே வராது, நாம்தான் கட்ட வேண்டும். தெரிந்தபோது தேதி தாண்டிவிட்டது. 10 சதவீத அபராதம். பில் கைக்கு வரவில்லை என்றால்கூட அந்தக் காரணத்துக்காக விடமாட்டார்கள், எங்களுக்கோ வந்து வீட்டிலேயே கிடந்தது. முழுக்க எங்கள் தவறு. அன்றிலிருந்து கவுன்ட்டி கவர் எங்கள் வீட்டு டிராயருக்குள் போவதில்லை, பிரித்துப் படித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறேன்.

வழக்கமான வரிக்கு டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்ற இரண்டு தேதிகளை மனப்பாடம் செய்யுங்கள். வீட்டில் நீங்களே குடியிருந்தால் மதிப்பில் 7,000 டாலர் கழிக்கச் சொல்லும் படிவம் ஒன்று வரும், நிரப்பி அனுப்ப ஒரு காசு செலவில்லை, வருடத்துக்கு 70 டாலர் போல மிச்சம். அப்புறம், அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று வரும், உங்கள் பத்திரத்தின் நகல் வாங்கித் தருகிறோம், பணம் அனுப்புங்கள் என்று. அனுப்பாதீர்கள். பதிவு முடிந்ததும் அசல் பத்திரம் தபாலில் உங்களுக்கே வந்துவிடும், நகல் வேண்டுமென்றாலும் கவுன்ட்டியிடம் நேராகக் குறைந்த செலவில் வாங்கலாம்.

அடுத்தது பிள்ளையின் பெயர். குழந்தை பிறந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், அதனால் பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு படிவத்தோடு வந்து நிற்பார்கள். உடம்பு அலுத்துப்போயிருக்கும், தூக்கம் இருக்காது, நமக்கோ குடும்பப் பெயர் என்ற பழக்கமே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைத்தான் இனிஷியலாகப் போடுவோம், என் பாஸ்போர்ட்டில் லாஸ்ட் நேம் என் அப்பா பெயர், என் கணவருக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைக்கு என் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று லாஸ்ட் நேம். என் தோழி ஒருத்தியின் மகள் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது. அதைத் திருத்தக் கவுன்ட்டிக்குப் போனால் நடக்காது, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்குத்தான் எழுத வேண்டும். திருத்தினாலும் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிது தரமாட்டார்கள், இரண்டாவது தாளாகத் திருத்தம் சேரும். அந்தப் பெண் குழந்தை எங்கே பிறப்புச் சான்றிதழ் காட்டினாலும் இரண்டு தாளும் சேர்ந்தேதான் போகும். பிரசவத்துக்குப் பை கட்டும்போதே பெயரைப் பெரிய எழுத்தில், எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று எழுதிப் பைக்குள் வையுங்கள்.

இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது அம்மா அப்பாக்களின் விஷயம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் நானே மொழிபெயர்ப்பேன், அதுதான் மகளின் கடமை என்று நினைத்தேன். ஒருநாள் நர்ஸ், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை போனில் பிடித்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ராத்திரி தூக்கமே இல்லை, மகளிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று மெதுவாகச் சொன்னார். ஒன்றரை வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து "நல்லா இருக்கேன்னு சொல்லும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும் எந்த ஆபீஸும் மொழி உதவி செய்ய வேண்டும், 1964 சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வரும் கடமை அது, நமக்குச் செலவு கிடையாது. தமிழ் என்று தெளிவாகக் கேளுங்கள். இந்தி வேண்டுமா என்றால், ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்று தலையாட்டாதீர்கள். நம் கவுன்ட்டியில் தேர்தல் நேரத்தில் பார்த்துக்கொள்ள வாக்குச்சீட்டின் தமிழ் நகலே இருக்கிறது, எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

ஓட்டு இல்லை, நாங்கள் விசாவில் இருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒன்று. கவுன்ட்டியை நடத்துவது கலெக்டர் இல்லை, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள். 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி அவர்களின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னாலேயே என்ன பேசப்போகிறார்கள் என்பதை வெளியிட வேண்டும், பொதுமக்கள் யாரும் எழுந்து பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். நான் ஒரே ஒருமுறை போனேன், முதியோர் சாப்பாட்டுத் திட்டம் பற்றி ஒரு நிமிடம் பேசினேன், கை நடுங்கியது. பேசி முடித்து உட்கார்ந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு வியட்நாமியப் பாட்டி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தங்கை அன்று இரவு கவரைப் பிரித்துப் படம் அனுப்பினாள். சப்ளிமென்டல் பில்லேதான். கடைசித் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கிரெடிட் கார்டு போட்டால் மேலே கட்டணம் பிடிப்பார்கள், பேங்க் கணக்கிலிருந்து ஈ-செக்காகக் கட்டிவிடு என்றேன். பத்து நிமிடத்தில் ரசீதை அனுப்பினாள், கூடவே, "அக்கா, இன்னொரு கவரும் வருமா? நாங்க ஏப்ரல்ல வாங்கினோம்." வரும் என்று பதில் போட்டேன்.