லியோபாவை அந்தக் கல்லறையிலேயே வைத்திருக்க வேண்டும்

எட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிறித்தவ மறையைப் பரப்பிய புனித போனிபாஸ் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கோடரிதான். ஜெர்மனியில் கைஸ்மார் என்ற இடத்தில், தோனார் தெய்வத்துக்கு உரியது என்று மக்கள் வணங்கிவந்த கருவாலி மரத்தை 723 வாக்கில் வெட்டிச் சாய்த்தார்; அந்த மரத்தைக் கொண்டே புனித பேதுரு பெயரில் ஒரு சிற்றாலயம் கட்டினார். அப்புறம் 754 ஜூன் 5 அன்று ஃபிரீசியாவில், இன்றைய நெதர்லாந்தின் டொக்கும் அருகே கொல்லப்பட்டார். இத்தோடு அவர் கதையை முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

அவருடைய கடிதங்கள் அழியாமல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தெரியும் மனிதர் வேறு. இங்கிலாந்தின் வெசெக்ஸில் வின்ஃபிரித் என்ற பெயரோடு பிறந்தவர், நர்ஸ்லிங் மடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், இலத்தீன் இலக்கணம் எழுதியவர். கண் மங்கிய காலத்தில் வின்செஸ்டர் ஆயர் டேனியலிடம், தன் பழைய ஆசிரியர் கைப்பட நகலெடுத்த இறைவாக்கினர் நூலை அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறார். அதில்தான் எழுத்துகள் தெளிவாக இருக்குமாம். இங்கே கிடைக்கும் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லையாம். மடத்தலைவி எயட்பர்காவிடம் விவிலியத்தில் உள்ள பேதுருவின் கடிதத்தைப் பொன்னெழுத்தில் எழுதித் தரக் கேட்கிறார்.

இந்தக் கடிதக் குவியலில்தான் லியோபா என்ற பெண் துறவி வருகிறார். அவர் போனிபாஸுக்குத் தாய்வழி உறவு. அப்பா இறந்துவிட்டார், அம்மா நோயாளி, நான் ஒரே பிள்ளை, உங்களை அண்ணனாக நினைத்துக்கொள்ளட்டுமா என்று எழுதுகிறார். கூடவே தானே இயற்றிய சில இலத்தீன் அடிகளை வைத்து, பிழை இருந்தால் திருத்துங்கள் என்கிறார். எத்தனை துணிச்சல், எத்தனை அடக்கம்! பிற்பாடு போனிபாஸ் அவரை ஜெர்மனிக்கு வரவழைத்து, தாவ்பர்பிஷோஃப்ஸ்ஹைம் மடத்துக்குத் தலைவியாக்கினார். அங்கே பயின்ற பெண்கள் வேறு மடங்களில் ஆசிரியைகள் ஆனார்கள். ஆயர்கள் அவரிடம் வந்து ஆலோசனை கேட்டார்கள். அவர் உறங்கும்போதும் பக்கத்தில் இளம் துறவியர் மறைநூல் வாசிப்பார்களாம். ஒரு சொல்லை விட்டாலும் தூக்கத்திலேயே திருத்துவாராம். அவர் வரலாற்றை எழுதிய ஃபுல்டா துறவி ருடோல்ஃப் சொல்வது இது. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அவருடைய மாணவிகள் நால்வரின் நினைவுகளிலிருந்து வந்த செய்தி என்பதால் நான் நம்புகிறேன்.

கடைசிப் பயணம் புறப்படும் முன் போனிபாஸ் தன் துறவு மேலாடையை லியோபாவிடம் கொடுத்தார். இந்த நாட்டை விட்டுப் போகாதே என்று கேட்டுக்கொண்டார். தனக்குப் பின் பொறுப்பேற்கவிருந்த ஆயர் லுல்லையும் மூத்த துறவிகளையும் அழைத்து, அவள் இறந்தபின் என் கல்லறையிலேயே அவளையும் வையுங்கள், இருவரும் ஒரே பணியைச் செய்தவர்கள், உயிர்ப்பு நாளுக்கும் சேர்ந்தே காத்திருக்கிறோம் என்று சொன்னார். போனிபாஸின் கல்லறை அமைந்த, பெண்கள் நுழையக் கூடாத ஃபுல்டா மடத்துக்குள் வந்து ஜெபிக்கும் உரிமை லியோபா ஒருவருக்கு மட்டுமே இருந்தது.

ஆனால் 780 வாக்கில் அவர் இறந்தபோது துறவிகள் கல்லறையைத் திறக்க அஞ்சினார்கள். பலிபீடத்தின் வடக்கே தனியாகப் புதைத்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் மடாதிபதி ரபானுஸ் மௌருஸ் அங்கிருந்தும் எடுத்து, ஊருக்கு வெளியே பீட்டர்ஸ்பெர்க் குன்றில் உள்ள ஆலயத்தில் வைத்தார். புனிதரின் எலும்பைத் தொட அச்சம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் புனிதரே வாய்விட்டுக் கேட்டதை மறுத்துவிட்டு, அதைப் பக்தி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றும் ஜெர்மன் ஆயர்கள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஃபுல்டாவில், போனிபாஸின் கல்லறை இருக்கும் நகரில்தான் கூடுகிறார்கள். அவருடைய திருநாள் கத்தோலிக்கத் திருச்சபையின் உலகப் பொது நாட்காட்டியில் இருக்கிறது. லியோபாவின் நாளான செப்டம்பர் 28 அதில் இல்லை. இருவரையும் ஜூன் 5 அன்றே சேர்த்து நினைவுகூர வேண்டும் என்பது என் கருத்து. போனிபாஸ் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தானே?